சின்ன லோடு

எங்கள் வீட்டுக்கு இன்வர்ட்டர் வந்தது வெளிச்சத்துக்காக இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அதுவரை எங்கள் தெருவில் யார் வீட்டிலும் இன்வர்ட்டர் கிடையாது. பார்த்தவர்கள் எல்லாம் நாங்கள் சொகுசுக்கு வாங்கியதாகவே நினைத்தார்கள். சொகுசும் நாங்களும் எந்தக் காலத்திலும் ஒரே தெருவில் குடியிருந்ததில்லை. அப்பாவின் கட்டிலுக்கு அடியில் இருந்த ஒரு சின்ன மோட்டாருக்காகத்தான் அதை வாங்கினோம்.

அப்பா பஸ் கண்டக்டர். ஐயப்பன்தாங்கல் டெப்போவிலிருந்து நடந்து வருகிற தூரத்தில் எங்கள் வீடு. தொண்ணூறுகளின் நடுவில் ஒரு நாள், காலை டியூட்டி முடித்து வந்து சட்டையைக் கழற்றினார். இடது கை வெளியே வந்துவிட்டது. வலது கை சட்டைக்குள்ளேயே நின்றுவிட்டது. "இன்னா விளையாட்டு இது?" என்று அம்மா கேட்டாள். அவர் விளையாடவில்லை. பக்கவாதம். வலது பக்கம் மொத்தமும் போனது, கூடவே பேச்சும் போனது. படியில் தொங்குகிறவர்களைப் பார்த்து நாள் முழுக்க "உள்ள போ, உள்ள போ" என்று கத்திக்கொண்டிருந்த மனிதருக்குத் தண்ணீர் என்று சொல்ல வாய் வரவில்லை.

மிச்சம் இருந்தது இடது கை. அந்தக் கையில் ஒரு செம்பு மோதிரம் உண்டு. கட்டிலின் இரும்புக் குழாயில் அதை வைத்துத் தட்டுவார். தண்ணீர் வேண்டுமானாலும் தட்டுவார், ஒன்றுக்கு வந்தாலும் தட்டுவார், ரேடியோவை நிறுத்தச் சொல்லியும் தட்டுவார். எல்லாவற்றுக்கும் ஒரே தட்டுதான். எதற்குத் தட்டுகிறார் என்று அம்மாவும் நானும் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வருவோம். சரியானதைக் கேட்டால் தட்டுவது நிற்கும். சில நாள் முதல் கேள்வியிலேயே நிற்கும். சில நாள் நாங்கள் கேட்பதெல்லாம் தீர்ந்துபோகும், அவர் தட்டிக்கொண்டே இருப்பார். அப்போது அவர் கண்ணைப் பார்க்க என்னால் முடியாது. சமையல்கட்டுக்குப் போய் ஏதாவது பாத்திரத்தைத் தேய்க்க ஆரம்பித்துவிடுவேன்.

படுத்த மூன்றாம் மாதம் இடுப்புக்குக் கீழே எட்டணாக் காசு அகலத்துக்குத் தோல் சிவந்தது. பூந்தமல்லியிலிருந்து வந்து பார்த்த டாக்டர் அதை விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு எங்களை வெளியே கூப்பிட்டார். "இது படுக்கைப் புண்ணோட ஆரம்பம். இதுக்கு மேல போகாம பாத்துக்கிட்டா ஆறிடும். ஆழமாப் போச்சுன்னா அப்புறம் என் கையில இல்ல" என்றார். அதிகம் பேசாத டாக்டர் அவர். அன்றைக்கு அவ்வளவு பேசியதே எங்களுக்குப் பயமாக இருந்தது. காற்று மெத்தை ஒன்று வாங்கச் சொன்னார். ரப்பர் மெத்தை, குறுக்கே வரிசை வரிசையாகக் குழாய்கள். டிபன் பாக்ஸ் அளவில் ஒரு மோட்டார் அதற்குக் காற்று தள்ளும். ஒரு வரிசை உப்பும்போது அடுத்த வரிசை வற்றும், கொஞ்ச நேரத்தில் அது மாறும். உடம்பின் பாரம் ஒரே இடத்தில் அழுந்தாது. சிவப்பு அப்படியே நின்றது, பரவவில்லை. அந்த எட்டணாதான் எங்கள் குடும்பத்தின் உயிர்நாடி என்று ஆனது. குளிப்பாட்டும்போதெல்லாம் அம்மா அதைத்தான் முதலில் பார்ப்பாள். நான் வேலையிலிருந்து வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன் கேட்பேன்: "எப்படிக் கீது?"

மோட்டார் சாப்பிடுகிற கரண்ட் ஒரு ஜீரோ வாட் பல்புக்குக் கூடக் காணாது. ஆனால் அந்தக் கரண்ட் இருக்க வேண்டுமே. அந்தக் கோடையில் எங்கள் பக்கம் கரண்ட் வருவது எப்போது, போவது எப்போது என்று யாருக்கும் தெரியாது. போனால் மெத்தை மெதுவாக இறங்க ஆரம்பிக்கும். அப்பா உடனே தட்டுவார். இதற்கு மட்டும் கேள்வியே தேவையில்லை, எங்களுக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய? பழைய போர்வைகளை இடுப்புக்கு அடியில் சொருகுவோம். அம்மா விசிறுவாள். நான் வாசலில் நின்று டிரான்ஸ்பார்மர் இருக்கும் திசையைப் பார்த்துத் திட்டுவேன். அது எங்கேயோ குமணன்சாவடிப் பக்கம் இருந்தது, அதற்கு என் திட்டு எட்டவில்லை.

கடைசியில் இன்வர்ட்டர் வாங்கினோம். எப்படி வாங்கினோம் என்பது தனிக்கதை, அதில் அம்மாவின் வளையல் இல்லாத கைகள் வரும். குமணன்சாவடியிலிருந்து இன்வர்ட்டர் கடைக்காரர் ஆட்டோவில் பேட்டரியை மடியில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினார். ஷோகேஸுக்குப் பக்கத்தில் பெட்டியை வைத்து, அப்பாவின் அறையில் ஒரு டியூப் லைட், ஒரு ஃபேன், மோட்டார் மூன்றுக்கும் தனியாக ஒயர் இழுத்தார். அந்த லைனில் இருந்துதான் வாசல் பக்கமும் ஒரு பிளக் பாயின்ட் வைத்தார். பிற்பாடு வந்த வினையெல்லாம் அந்தப் பிளக் பாயின்ட் வழியாகத்தான் வந்தது.

"மிக்சி, அயர்ன் பாக்ஸ், மோட்டார் பம்ப்பு, இதெல்லாம் இதுகிட்டயே வரக்கூடாதும்மா. சின்ன லோடு இன்னா வேணா போட்டுக்க" என்றார். கிளம்பும்போது பெட்டியின் முகத்தில் மினுக்கிய பச்சை விளக்கைக் காட்டிப் பெருமையாகச் சொன்னார்: "இது கொஞ்சம் உஷாரான பொட்டி. லோடு ஒண்ணும் இல்லன்னா தானா தூங்கிடும், பேட்டரி வீணாவாது. எதுனா போட்டா முயிச்சிக்கும்."

நல்ல பெட்டிதான் என்று நினைத்துக்கொண்டோம். வீட்டில் தூங்கத் தெரிந்தது அது ஒன்றாவது இருக்கட்டும் என்று அம்மா சொன்னாள்.

முதல் தடவை கரண்ட் போனபோது அப்பா தட்டவில்லை. ஃபேன் மட்டும் ஒரு மாதிரி ரீங்காரம் போட்டுக்கொண்டு சுற்றியது. மோட்டார் ஓடியது. மெத்தை வரிசை வரிசையாக ஏறி இறங்கியது. அம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கொஞ்சம் அழுதாள். எனக்கும் அழுகை வந்தது, ஆனால் அதற்குள் வாசலில் ஆள் வந்துவிட்டது.

தெருவே இருட்டில் இருக்கும்போது ஒரு ஜன்னலில் மட்டும் டியூப் லைட் எரிந்தால் வராமல் என்ன செய்வார்கள்? முதலில் வந்தது எதிர்வீட்டு அண்ணன். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிற டர்னராக இருந்தார். சபைக்குத் தவறாமல் போகிற கிறிஸ்தவக் குடும்பம், சத்தம் போட்டுப் பேசி யாரும் கேட்டதில்லை. அவர் ஒன்றும் கேட்கவில்லை. மகளுக்குப் பத்தாம் வகுப்பு என்று மட்டும் சொன்னார். அம்மாதான் முந்திக்கொண்டு, "ஒரு ஒயர இழுத்துக்க தம்பி. ஒரு பல்பு எரியப் போவுது, அதுல இன்னா" என்றாள். அவர் கூச்சத்தோடு, "சின்ன லோடுதாம்மா" என்றார்.

அடுத்தது பக்கத்து வீட்டுக்காரர். டெப்போவில் மெக்கானிக், அப்பாவோடு எத்தனையோ வருஷம் ஒரே கேன்டீனில் டீ குடித்தவர். அவர் வீட்டில் கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்த்தார். "அண்ணாத்தே, மீனுக்குக் காத்து போற மிசின் ஒண்ணு கீது. அது இன்னா இஸ்துடப் போவுது? சின்ன லோடு" என்று அப்பாவிடமே நேராகப் போய்க் கேட்டார். அப்பா குழாயில் தட்டினார். "பாத்தியா, அண்ணாத்த சரின்னுடுச்சு" என்று அவர் ஒயரைச் சுவர் மேல் எறிந்தார். அப்பா தட்டியது தண்ணீருக்கு. அவர் போன பிறகுதான் அது தெரிந்தது. மீனோடு நிற்கவில்லை, அடுத்த வாரம் அதே ஒயரில் ஒரு சின்ன ஃபேனும் சேர்ந்துகொண்டது. பிறகு பின் வீட்டில் துணி தைக்கிற அக்கா. ஊசி தெரிய ஒரு பல்பு. அதுவும் சின்ன லோடு.

அதே எஸ்டேட்டில் ஒரு கம்பெனியின் டெலிபோன் போர்டில் உட்கார்ந்திருந்த பெண் நான். நாள் முழுக்க யார் யாருக்கோ லைன் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தால், இங்கேயும் சுவர் மேல் லைன் லைனாக ஒயர். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கரண்ட் போகும் நேரமும் கூடிக்கொண்டே வந்தது. பேட்டரி முழுதாக ஏறுவதற்குள் அடுத்த கட். ஒரு நாள் சாயங்காலம் பெட்டி பீப் பீப் என்று கத்த ஆரம்பித்தது. பேட்டரி தீரப் போகிறது என்பதற்கு அந்தச் சத்தம். அப்பா கட்டிலிலிருந்து அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல வேளை, கரண்ட் வந்துவிட்டது. அன்றைக்குத்தான் அம்மாவிடம் சண்டை போட்டேன்.

"ஊர்ல இருக்கிறவனுக்கெல்லாம் வெளிச்சம் போடறதுக்கா வாங்குனோம்? நாளைக்கே எல்லா ஒயரையும் புடுங்கி எறியப் போறேன்."

அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை. "புடுங்கு. அப்பால உங்கப்பாவ யாரு பொரட்டுவா?"

களைந்த தண்ணீரைச் சாய்த்தாள்.

"நாலு மூலைக்கு நாலு பேரு வேணும். உனக்கு எத்தினி கை கீது?"

அவ்வளவுதான். சண்டை அதோடு முடிந்தது.

அப்பா கனமான ஆள். நெரிசலில் நின்று நின்று வளர்ந்த உடம்பு. அவரைப் புரட்ட ஒரு முறை இருந்தது, ஆஸ்பத்திரி ஆயா ஒருத்தி சொல்லிக் கொடுத்தது. உடம்புக்கு அடியில் எப்போதும் ஒரு கெட்டியான போர்வை விரித்திருக்கும். அதன் நாலு மூலையை நாலு பேர் பிடித்துக்கொண்டு, ஒரே நேரத்தில் தூக்கி, ஒரு பக்கமாகச் சாய்க்க வேண்டும். கால் பக்கம் இரண்டு மூலை அம்மாவும் நானும். தலைப் பக்கம் ஒரு மூலை எதிர்வீட்டு அண்ணன், இன்னொரு மூலை மெக்கானிக். காலையில் வேலைக்குப் போகும் முன் வருவார்கள், சாயங்காலம் வந்ததும் வருவார்கள். கூப்பிட்டதே இல்லை. எதிர்வீட்டு அண்ணன் செருப்பை வாசலில் விட்டு, கையைக் கழுவித் துடைத்துக்கொண்டுதான் போர்வையைத் தொடுவார். மெக்கானிக் தூக்கும்போது, "ரைட் போலாம் அண்ணாத்தே" என்பார். அப்பாவின் இடது பக்க உதடு லேசாக மேலே போகும். சிரிப்பு அது. ஒரு நாளில் அவர் சிரிப்பது அந்த இரண்டு தடவைதான்.

அந்தக் கைகளுக்கு ஒரு பல்பைக் கொடுக்காமல் இருக்க முடியுமா? கொடுத்தால் பேட்டரி தீர்கிறது. பேட்டரி தீர்ந்தால் மெத்தை இறங்குகிறது. கொடுக்காவிட்டால் அவரைப் புரட்ட ஆள் இல்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்த எட்டணா அகலத்தில்தான் வந்து முட்டுகிறது. எனக்குக் கோபம் யார் மேல் வர வேண்டும் என்றே தெரியவில்லை. கடைசியில் பெட்டி மேல் கோபப்பட்டேன். அது பச்சை விளக்கை மினுக்கிக்கொண்டு சும்மா இருந்தது.

எப்படியோ மழைக்காலம் வரை ஓட்டினோம். பத்தாம் வகுப்புப் பெண்ணின் பல்பு, டிசம்பர் பிறந்ததும் ஒரு நட்சத்திரமாக மாறியது. காகித நட்சத்திரம், சிவப்பும் மஞ்சளும், உள்ளே பல்பு. எதிர்வீட்டு மொட்டை மாடிக் கம்பில் கட்டியிருந்தார்கள். கட்டில் இருந்த இடத்திலிருந்து ஜன்னல் வழியாக அது நேராகத் தெரியும். அப்பா அதைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பார். அதனால் நானும் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

அந்த வாரம் புயல் வந்தது. காலையிலேயே வானம் சாயங்காலம் மாதிரி ஆகிவிட்டது. கரண்ட் போனது. அன்று வரவில்லை. மறுநாளும் வரவில்லை. தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். நானும் எதிர்வீட்டு அண்ணனும் எஸ்டேட்டுக்குப் போகவில்லை, மெக்கானிக்கும் டெப்போவுக்குப் போகவில்லை. அப்பாவின் அறைக்கு மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை. மழை அதன் மேல் விழும்போது பக்கத்தில் பேசுவதே கேட்காது, ஒருவருக்கொருவர் கையால் சைகை காட்டிக்கொண்டோம். அப்பாவோடு பேசுவது போலவே நாங்களும் பேச வேண்டியதாயிற்று.

இரண்டாம் நாள் மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்னால் பெட்டி கத்த ஆரம்பித்தது. அந்த பீப் மட்டும் மழையையும் மீறிக் கேட்டது. அப்போது அண்ணனும் மெக்கானிக்கும் அப்பாவைப் புரட்டுவதற்காகத் தண்ணீரில் நடந்து வந்து ஈரத்தோடு நின்றிருந்தார்கள். போர்வையின் மூலைகள் எங்கள் கையில். நாலு பேருமே பெட்டியைப் பார்த்தோம். அப்பாவும் பார்த்தார். ஒயரையெல்லாம் பிடுங்குங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரை வந்தது, ஆனால் கையில் போர்வையைப் பிடித்துக்கொண்டு அதைச் சொல்ல முடியவில்லை.

சொல்ல வேண்டியிருக்கவில்லை. அப்பாவைச் சாய்த்துப் படுக்க வைத்ததும் எதிர்வீட்டு அண்ணன் வாசலுக்குப் போய்த் தன் ஒயரைப் பிடுங்கினார். மெக்கானிக்கும் போய்த் தன்னுடையதைப் பிடுங்கினார். "மீன் கெடக்குது வுடு, செத்தா கொயம்பு வெச்சிக்கலாம்" என்றார். பின் வீட்டு அக்காவுக்கு யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை, அவள் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு வந்து தன் ஒயரைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனாள். அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கு வெட்கமாகக் கூட இருந்தது. அவர்களே இவ்வளவு செய்யும்போது நாம் எதற்கு என்று அம்மா அறையின் டியூப் லைட்டையும் அணைத்தாள். பகல்தானே, ஜன்னல் வெளிச்சம் போதும். டிசம்பரில் ஃபேன் போடுவதில்லை. மோட்டார் மட்டும் ஓடட்டும். அவருக்கு மட்டும் போதும்.

பீப் சத்தம் நின்றது.

எவ்வளவு பெரிய நிம்மதி அது. "பாத்தியா, லோடு கொறஞ்சதும் கம்முனு ஆயிடுச்சு" என்று மெக்கானிக் சொன்னார். பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. அண்ணன் கண்ணை மூடி உதட்டுக்குள் ஒரு ஜெபம் சொன்னார். அம்மா அந்த ஈரத்திலும் எல்லோருக்கும் சுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தாள். சாயங்காலம் புரட்ட வருவதாகச் சொல்லிவிட்டு இருவரும் போனார்கள்.

அவர்கள் போய்க் கொஞ்ச நேரத்தில் அப்பா தட்ட ஆரம்பித்தார்.

"தண்ணியா?" என்று அம்மா காதுக்குப் பக்கத்தில் கேட்டாள். ஸ்பூனில் கொடுத்தாள். குடித்தார். மறுபடி தட்டினார். துணியைப் பார்த்தோம், ஈரம் இல்லை. கூரை ஒழுகுகிறதா என்று அண்ணாந்து பார்த்தேன், ஒழுகவில்லை. "குளுருதா?" இன்னொரு போர்வை போர்த்தினோம். தட்டினார். டிரான்சிஸ்டரைப் போட்டேன், மழையில் வெறும் கரகரப்பு. நிறுத்தினேன். தட்டினார். ஜன்னலைக் காட்டி, "நட்சத்திரமா? அத நிறுத்திட்டாங்கப்பா, கரண்ட் வந்ததும் போடுவாங்க" என்று கத்திச் சொன்னேன். கண்ணை மூடித் திறந்தார். தட்டினார். எங்களுக்குத் தெரிந்த கேள்வி எல்லாவற்றையும் கேட்டாயிற்று. ஒன்றைத் தவிர. அதை நாங்கள் கேட்க வேண்டும் என்று தோன்றவே இல்லை, ஏனென்றால் அதற்குத்தான் அத்தனை பேரும் சேர்ந்து வழி செய்துவிட்டோமே.

மழையின் சத்தத்தில் மோதிரச் சத்தம் கேட்காது. கை மேலே போவதும் கீழே வருவதும் மட்டும் தெரியும். அம்மா அந்தக் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அவர் மெதுவாக விடுவித்துக்கொண்டு மறுபடி குழாய்க்குக் கொண்டுபோனார். நான் சமையல்கட்டுக்குப் போனேன். தேய்க்கப் பாத்திரம் இல்லை, தேய்த்ததையே தேய்த்தேன்.

திரும்பி வந்தபோது கை அசையாமல் இருந்தது. "தூங்கிட்டாரு, பாவம்" என்று அம்மா சைகை காட்டினாள்.

சாயங்காலம் அவர்கள் வந்து நாலு மூலையையும் பிடித்துத் தூக்கியபோது போர்வை எதிலோ ஒட்டிக்கொண்டு வந்தது. அடியில் மெத்தை தரையோடு தரையாக இருந்தது. ஒரு குழாயில் கூடக் காற்று இல்லை. வெறும் ரப்பர் விரிப்பு, அதற்குக் கீழே கட்டிலின் பலகை. அப்பா தூங்கவில்லை. கண் திறந்திருந்தது. மெக்கானிக் "ரைட்" என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திவிட்டார். அம்மா புண்ணைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்க்க விடவில்லை.

மோட்டார் கெட்டுவிட்டது என்றுதான் நினைத்தோம். இருட்டிவிட்டதே என்று அம்மா டியூப் லைட்டின் சுவிட்சைப் போட்டாள். விளக்கு எரிந்தது. கட்டிலுக்கு அடியில் மோட்டாரும் ஓட ஆரம்பித்தது. எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. பெட்டி மறுபடி பீப் பீப் என்று கத்தியது. அணைக்கப் பயந்து விளக்கை எரிய விட்டோம். அன்று இரவு கரண்ட் வந்தது.

தண்ணீர் வடிந்த பிறகு குமணன்சாவடிக் கடைக்காரர் வந்தார். எல்லாவற்றையும் கேட்டார். மோட்டாரைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். 

"இந்த மோட்டாரு ரொம்பச் சின்னதும்மா. இது மட்டும் ஓடுனா பொட்டிக்கு லோடு கீதுன்னே தெரியாது. ஒண்ணும் இல்லன்னு நெனச்சிக்கினு தூங்கிடும். கூட ஒரு பல்பு எரிஞ்சாத்தான் முயிச்சிகினு இருக்கும். இத்தினி நாளா எதுனா எரிஞ்சிகினே இருந்துச்சு, அதான் தெரியல." பெட்டியின் மேல் இல்லாத தூசியைத் துடைத்தார். "நானும் யோசிக்கலம்மா."

மினுக்கிக்கொண்டிருந்த பச்சை விளக்கு தூங்குவதன் அடையாளமாம். முழித்திருந்தால் நிலையாக எரியுமாம்.

ஒருவர் மேலாவது பழி போட முடிந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். ஒவ்வொருவரும் தங்கள் ஒயரை விடாப்பிடியாக வைத்திருந்த மாதங்களில் அப்பா மெத்தை மேல் மிதந்தார். எல்லோரும் அவருக்காக விட்டுக்கொடுத்த அந்த ஒரு மத்தியானத்தில் பலகையில் கிடந்தார். இதை யாரிடம் போய்ச் சண்டை போடுவது?  அம்மா மட்டும், "அவங்க நல்லதுக்குத்தான பண்ணாங்க" என்று யாரும் கேட்காமலே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கடைக்காரர் சொன்னதை எதிர்வீட்டு அண்ணன் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அப்படியே தன் வீட்டுக்குப் போனார். மற்றவர்கள் மாட்டவில்லை, அவர் ஒயர் மட்டும் மறுபடி வந்து எங்கள் பிளக்கில் ஏறியது. பட்டப் பகலில் அவர் மாடியில் நட்சத்திரம் எரிந்தது. நாங்கள் எங்கள் அறையிலேயே ஒரு பல்பை நிரந்தரமாக எரிய விட்டிருந்தோம். அதனால் நட்சத்திரம் வேண்டாம் என்று அம்மா சொல்லிப் பார்த்தாள். "உங்க பல்பு ஃபியூஸ் போனா? ஒண்ணு போனா இன்னொண்ணு இருக்கட்டும்மா" என்றார். அதற்கப்புறம் அவர் எங்கள் கண்ணைப் பார்த்துப் பேசியதே குறைவு.

கிறிஸ்துமஸ் முடிந்தது. மற்ற வீட்டு நட்சத்திரங்கள் எல்லாம் இறங்கின. பொங்கல் வந்தது, அது எரிந்தது. காகிதத்தின் சிவப்பு வெளுத்து ரோஸ் ஆனது, ஒரு முனை கிழிந்து காற்றில் அடித்துக்கொண்டது. லெந்து நாட்கள் ஆரம்பித்தபோது சபைக்காரர்கள் கேட்டார்களாம், உபவாசக் காலத்தில் என்ன நட்சத்திரம் என்று. "அது எங்களுக்கு இல்ல, எதிர்வூட்டு அய்யாவுக்கு" என்று அவர் மனைவி பதில் சொன்னதாகப் பின் வீட்டு அக்கா வந்து சொன்னாள். அதற்குள் எங்கள் அறைப் பல்பு ஒரு நாள் ஃபியூஸ் போயிருந்தது. மாற்ற வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தோம், மாற்றவில்லை. நட்சத்திரம் எரிகிறதே என்று ஒரு தைரியம்.

அந்தப் புண் ஆறவில்லை. உள்ளே போய்க்கொண்டே இருந்தது. டாக்டர் வந்து கட்டுப் போட்டார், ஊசி போட்டார். ஒரு கட்டத்தில் கட்டு மட்டும் போட்டார். அப்பா தட்டுவது குறைந்துபோனது. கேள்வி கேட்டு நிறுத்துகிற வேலை எங்களுக்கு இல்லாமல் ஆயிற்று. எதற்காவது தட்ட மாட்டாரா என்று நானும் அம்மாவும் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

மாசி மாதத்தில் ஒரு காலையில் இறந்துபோனார். அதே போர்வையின் நாலு மூலையை அதே நாலு பேர் பிடித்துக் கூடத்துக்குக் கொண்டுவந்தோம். மெக்கானிக் ஒன்றும் சொல்லாமல் தூக்கினார். அம்மா கூடத்தில் அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்தாள். டெப்போவிலிருந்து ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். மத்தியானம் வழக்கம்போல் கரண்ட் போனது.

ஏதோ துணி எடுக்க நான் உள்ளே போனேன். காலிக் கட்டிலில் மெத்தை வரிசை வரிசையாக உப்பிக்கொண்டும் வற்றிக்கொண்டும் இருந்தது. பெட்டியில் பச்சை விளக்கு நிலையாக எரிந்தது. யாருக்கும் அதை நிறுத்தத் தோன்றியிருக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே வெயிலில் நட்சத்திரம் எரிவது தெரிந்தும் தெரியாமலும் இருந்தது. எனக்குப் பின்னால் எதிர்வீட்டு அண்ணன் வந்து நின்றார். அவரும் மெத்தையைப் பார்த்தார்.

"நிறுத்திடட்டாம்மா?" என்றார்.

நான் தலையை ஆட்டினேனா என்று நினைவில்லை. அவர் போனார். தெருவைக் கடந்து வீட்டுக்குள் போவதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். நட்சத்திரம் அணைந்தது. இங்கே கட்டிலுக்கு அடியில் மோட்டார் நின்றது. பச்சை விளக்கு மினுக்க ஆரம்பித்தது. அன்றைக்கு மழை இல்லை, அதனால் அது நிற்பது எனக்கு நன்றாகக் கேட்டது.

மெத்தை உடனே இறங்கிவிடவில்லை. தலைப் பக்கத்திலிருந்து கால் பக்கம் வரை ஒவ்வொரு குழாயாகத் தளர்ந்து, ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து, மெல்ல மெல்லப் படிந்தது. வெளியே என்னைக் கூப்பிட்டார்கள். நான் போகவில்லை. கட்டிலின் குழாயைப் பிடித்துக்கொண்டு கடைசி வரை நின்று பார்த்தேன். பலகை தெரிகிற அளவுக்கு வற்ற ரொம்ப நேரம் ஆனது. புயலடித்த அன்று அத்தனை நேரமும் அவர் தட்டிக்கொண்டிருந்தார்.